சௌமியமூர்த்தி தொண்டமான்

சௌமியமூர்த்தி தொண்டமான் (ஆகஸ்ட் 30, 1913 - அக்டோபர் 30, 1999) இலங்கையின் மலையகத் தமிழரிடையே தோன்றிய தொழிற்சங்கத் தலைவரும் அரசியல்வாதியும் ஆவார். தேயிலை, இறப்பர் தோட்டத் தொழிலாளரின் பெரிய தொழிற்சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவராகப் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். 1947 இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான இவர், தம்மைத் தெரிவு செய்த மக்கள் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்ததனால் மீண்டும் மக்கள் வாக்கினால் அவ்விடத்தைப் பெறுவதற்கு 30 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1978 முதல் தாம் இறக்கும் வரை இலங்கையின் அரசாங்கங்களில் அமைச்சராக இருந்தார். நாடற்றவர்களாக ஆக்கப்பட்ட மலையகத் தமிழர் மீண்டும் இலங்கைக் குடிமக்களானமை இவரது வாழ்வின் முதன்மையான பணியாகக் கருதப்படுகிறது.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியர் கண்டிப் பகுதி மலைச்சரிவுகளில் கோப்பித் தோட்டங்களை அமைத்தனர். கோப்பிச் செடிகள் நோயினால் அழிந்தபின் அவற்றின் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வணிகப் பயிராக நட்டமை இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. தோட்டங்களுக்குத் தேவையான தொழிலாளர் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம், தஞ்சாவூர், வட ஆற்காடு முதலிய பகுதிகளின் சிற்றூர்களிலிருந்து அழைத்து வரப்பட்டனர். பஞ்சமும் கடனும் நிலமின்மையும் அவர்களைக் கடல் கடக்கச் செய்தன.

இவர்களைத் திரட்டி அழைத்து வந்தவர்கள் கங்காணிகள் எனப்பட்டனர். கங்காணி பெரும்பாலும் தொழிலாளரின் ஊரையோ உறவையோ சேர்ந்தவராக இருப்பார். பயணச் செலவுக்கென அவர் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பும் தொழிலாளி, தன் கடன் தொகை எழுதப்பட்ட துண்டுடன் செல்ல வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்துவிட்டு அவரை ஏற்கும். இத் 'துண்டு' முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் அதிகாரப் படிநிலை மாறவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயன் அறைகள் தோட்டத்துக்கே சொந்தமானவை. ஆகவே வேலையை இழந்த தொழிலாளி அன்றே வீட்டையும் இழந்தார். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டதால், தொழிற்சங்கம் அமைக்க முயன்றவர்கள் தொழிலாளரைச் சந்திப்பதே அரிதாக இருந்தது.

இந்நிலையில் தோட்டத் தொழிலாளரை முதன்முதலில் ஒரு சங்கமாகத் திரட்டியவர் தஞ்சாவூரிலிருந்து வந்த இதழாசிரியர் கோ. நடேசையர் ஆவார். 1931 இல் அவர் தொடங்கிய அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம், பின்வந்த சங்கங்கள் அனைத்துக்கும் முன்னோடியாகும். தொண்டமானின் அரசியல் வாழ்வு அடுத்த தலைமுறையில் தொடங்குகிறது.

பிறப்பும் இளமையும்

தொண்டமான் இன்றைய தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலுள்ள முனப்புதூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கருப்பையா இலங்கைத் தோட்டங்களில் உழைத்துக் கங்காணியாக உயர்ந்து, பின்னர் இறம்பொடைப் பகுதியிலுள்ள வேவண்டன் தோட்டத்தைத் தமக்கே சொந்தமாக்கிக் கொண்டவர். தோட்டக்காட்டில் இத்தகைய உயர்வு மிக அரிதாகவே நிகழ்ந்தது.

தொண்டமான் 1924 இல் இலங்கைக்கு வந்து தந்தையாருடன் சேர்ந்தார். கம்பளையிலுள்ள புனித அந்திரேயர் கல்லூரியில் பயின்றார். படிப்புக்குப் பின் தோட்ட நிருவாகத்தைக் கவனித்து வந்தார். இந்திய விடுதலைப் போராட்டமும் மகாத்மா காந்தியின் கருத்துகளும் இளமையிலேயே இவரை ஈர்த்தன. தோட்ட உரிமையாளரின் மகனாகிய இவர் தொழிலாளரின் தலைவராக வந்தமை, இவருடைய ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் வாழ்நாள் முழுவதும் சுட்டிக்காட்டிய ஒன்றாகும்.

தொழிற்சங்கத்தில்

1939 இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் பணியாற்றிய இந்தியத் தொழிலாளர் பலரை வேலையிலிருந்து நீக்க முற்பட்டது. இதுபற்றிப் பேசுவதற்காக ஜவகர்லால் நேரு அவ்வாண்டு சூலை மாதத்தில் கொழும்புக்கு வந்தார். பல குழுக்களாகப் பிரிந்திருந்த இந்தியரை ஒன்றுபடுமாறு அவர் வலியுறுத்தியதன் விளைவாக இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. தொண்டமான் அதன் கம்பளைக் கிளையின் தலைவரானார். அடுத்த ஆண்டில் அதன் தொழிற்சங்கப் பிரிவான இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொழிலாளர் சங்கம் அமைக்கப்பட்டது. இச்சங்கமே 1950 இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சங்கம் தோன்றிய காலம் தோட்டங்களில் கொந்தளிப்பு மிகுந்த காலமாகும். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறையினர் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அப்போராட்டத்தை இடதுசாரிகளான லங்கா சமசமாசக் கட்சியினரின் சங்கம் நடத்தியது. ஆயினும் அதன் தாக்கம் மலையகம் முழுவதும் பரவியது. சங்கத்தில் சேர்வது தொழிலாளியின் உரிமை என்பதைத் துரைமார் படிப்படியாக ஏற்க வேண்டியதாயிற்று.

1946 இல் கேகாலை மாவட்டத்தின் உருளவள்ளித் தோட்டத்தை அரசாங்கம் சிங்களக் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிக்கும் நோக்குடன் வாங்கி, அங்கு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறுமாறு பணித்தது. தொழிலாளர் வெளியேற மறுத்தனர். அவர்களுக்கு ஆதரவாக அண்டைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடைபெற்றது. நிலமற்ற சிங்கள உழவரின் தேவையும், தலைமுறையாக அந்நிலத்தில் உழைத்தவர்களின் இருப்பும் இங்கு நேருக்கு நேர் மோதின. நாட்டில் தங்கியிருக்கும் உரிமை உறுதியாகாத வரையில் கூலிக்கான போராட்டங்களால் மட்டும் பயனில்லை என்பதை இந்நிகழ்வு சங்கத் தலைவர்களுக்கு உணர்த்தியது. 1940களின் நடுப்பகுதியில் தொண்டமான் இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைவராகவும் ஆகியிருந்தார்.

1947 தேர்தல்

விடுதலைக்கு முன்னோடியாக 1947 இல் நடந்த பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் போட்டியிட்டது. தொண்டமான் நுவரெலியாத் தொகுதியில் வெற்றி பெற்றார். தலவாக்கலையில் கவிஞரும் எழுத்தாளருமான சி. வி. வேலுப்பிள்ளை வென்றார். இவர்களைத் தவிர மேலும் சிலரும் அக்கட்சியின் சார்பில் தெரிவாயினர். காங்கிரஸ் போட்டியிடாத வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்குத் துணைபுரிந்தன. தோட்டத் தொழிலாளர் ஒரு வாக்குப் பலமாகத் திரண்டமை, ஆட்சியமைத்த ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கவலையை அளித்தது. கண்டிப் பகுதிச் சிங்கள வாக்காளரின் பிரதிநிதித்துவம் குறைந்துவிட்டது என்னும் வாதமும் முன்வைக்கப்பட்டது.

குடியுரிமைப் பறிப்பு

இலங்கை 1948 பெப்ரவரி 4 ஆம் நாள் விடுதலை பெற்றது. அதே ஆண்டில் 18 ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. இச்சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்தமை மட்டும் ஒருவரைக் குடிமகனாக்காது. தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இலங்கையில் பிறந்தவர்கள் என்பதைக் காட்ட வேண்டும். தோட்டத் தொழிலாளரின் முன்னோருக்குப் பிறப்புப் பதிவுகள் பெரும்பாலும் இருக்கவில்லை. எனவே இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் குடியுரிமை அற்றவர்களாயினர்.

இதனைத் தொடர்ந்து 1949 இன் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கித்தானிய வதிவாளர் (குடியுரிமை) சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெறுவதற்கு ஒரு வழியை வைத்தது. 1946 சனவரி 1 க்கு முன் மணமானவர்கள் 7 ஆண்டுகளும் மணமாகாதவர்கள் 10 ஆண்டுகளும் இடைவிடாது இலங்கையில் வசித்தமையை மெய்ப்பிக்க வேண்டும். அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் குடிமக்கள் அல்லாதோரின் வாக்குரிமையை நீக்கியது. இம்மூன்று சட்டங்களும் ஒன்றுசேர்ந்து, 1931 முதல் வாக்களித்து வந்த ஒரு சமூகத்தை வாக்காளர் பட்டியலிலிருந்து அகற்றின. 1953 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் 9,74,098 பேர், அதாவது நாட்டின் மக்கள்தொகையில் 12 விழுக்காட்டினர் என்பதைக் கொண்டு இதன் அளவை உணரலாம்.

காங்கிரஸ் முதலில் குடியுரிமை விண்ணப்பங்களைப் புறக்கணித்தது. பின்னர் தன் முடிவை மாற்றி, இறுதி நாள் நெருங்கிய வேளையில் தொழிலாளரை விண்ணப்பிக்கச் செய்தது. ஏறத்தாழ 8 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அளிக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் நீடித்த விசாரணைகளுக்குப் பின் குடியுரிமை பெற்றோர் சுமார் 1.34 லட்சம் பேர் மட்டுமே. தொடக்கப் புறக்கணிப்பினால் வீணான காலம் பற்றிப் பின்னாளில் பலர் குறை கூறினர்.

சட்டப் போராட்டமும் நடந்தது. சிறுபான்மையினருக்கு மட்டும் பாதகமான சட்டங்களைச் சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆவது பிரிவு தடுக்கிறது என்று வாதிடப்பட்டது. கொடகன்பிள்ளை எதிர் முதநாயக்க என அறியப்படும் இவ்வழக்கு இலண்டனிலுள்ள கோமறைக் கழகம் வரை சென்று, 1953 இல் தள்ளுபடியானது. சட்டத்தின் சொற்களில் எந்த இனத்தின் பெயரும் குறிப்பிடப்படவில்லை என்பது அரசாங்கத்துக்குச் சாதகமாக அமைந்தது.

சத்தியாக்கிரகமும் சங்கப் பிளவும்

1952 பொதுத் தேர்தலுக்குச் சற்று முன்னர், ஏப்ரல் மாத இறுதியில், தொண்டமான் தலைமையில் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஏறத்தாழ 140 நாட்கள் நீடித்த இப்போராட்டத்தில் வன்முறை தவிர்க்கப்பட்டது. உடனடிப் பயன் எதுவும் கிட்டவில்லை. தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. வாக்களிக்க வேண்டியவர்களின் பெயர்கள் பட்டியலில் இல்லை.

இதன்பின் நாடாளுமன்றத்துக்கு வெளியே தொழிற்சங்கமே மலையக மக்களின் குரலாயிற்று. வாக்கு இல்லாத தொழிலாளியிடம் எஞ்சியிருந்தது உழைப்பு ஒன்றே. நாட்டின் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு தேயிலையிலிருந்து வந்தமையால், அவ்வுழைப்பை நிறுத்தும் ஆற்றலுக்கு அரசியல் மதிப்பு இருந்தது. தோட்டந்தோறும் தலைவர், தலைவி, மாவட்டப் பிரதிநிதி என அமைந்த இ.தொ.கா.வின் கட்டமைப்பு ஒரே வேளையில் தொழிற்சங்கமாகவும் கட்சியாகவும் இயங்கியது. தொழிலாளர் செலுத்திய மாதச் சந்தா அதன் நிதி ஆதாரமாகும்.

சங்கத்துக்குள் தொண்டமானுக்கும் மற்றொரு மூத்த தலைவரான அப்துல் அசீசுக்கும் நீண்ட காலமாகப் போட்டி நிலவியது. 1956 இல் அசீஸ் தனியே பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தார். 1960களில் வி. கே. வெள்ளையன் வெளியேறித் தொழிலாளர் தேசிய சங்கத்தை நிறுவினார். பிளவுகளுக்குப் பின்னரும் இ.தொ.கா. மலையகத்தின் பெரிய சங்கமாக நீடித்தது.

நியமன உறுப்பினர்

அன்றைய அரசியலமைப்பின்படி, போதிய பிரதிநிதித்துவம் பெறாத பிரிவினருக்காக 6 உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்கு நியமிக்கப்பட்டனர். இம்முறையில் தொண்டமான் 1960 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியிலும், 1965 இல் டட்லி சேனநாயக்காவின் ஆட்சியிலும் நியமன உறுப்பினரானார்.

1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் புது தில்லியில் ஓர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எனப்படும் இதில், நாடற்றவர்களாக மதிப்பிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. இந்தியாவுக்கு 7 பேர் செல்லும்போது இலங்கை 4 பேருக்குக் குடியுரிமை வழங்கும். எஞ்சிய 1,50,000 பேர் 1974 இல் ஏற்பட்ட மற்றோர் உடன்பாட்டின்படி இரு நாடுகளுக்கும் சமமாகப் பகிரப்பட்டனர்.

சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பத்தைக் கேளாமலே அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தனர் என்று தொண்டமான் இவ்வொப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். நாடு திரும்பியோர் எனப்பட்டவர்களில் பலர் அதற்கு முன் இந்தியாவைக் கண்டதே இல்லை. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறிய அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பெற்றனர். ஏனையோர் தமிழகத்தின் பல மாவட்டங்களில் சிதறினர். கொடைக்கானல் காடுகளில் கொத்தடிமைகளாகச் சிக்கியவர்களும் உண்டு. இயற்கைப் பெருக்கம் உட்பட சுமார் 4.6 லட்சம் பேர் இவ்வாறு இந்தியா சென்றனர்.

1970கள்

1970 இல் சிறிமாவோ மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது தொண்டமானுக்கு நாடாளுமன்றத்தில் இடம் கிடைக்கவில்லை. 1972 மே மாதத்தில் திருகோணமலையில் தமிழரசுக் கட்சி, தமிழ்க் காங்கிரஸ் ஆகியவற்றுடன் இ.தொ.கா.வும் சேர்ந்து தமிழர் கூட்டணியை அமைத்தது. 1976 இல் அது தமிழர் விடுதலைக் கூட்டணியாகித் தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்தது. எஸ். ஜே. வி. செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோருடன் தொண்டமானும் அதன் கூட்டுத் தலைவர்களில் ஒருவராவார். ஆயினும் தனிநாட்டுத் தீர்மானத்திலிருந்து இ.தொ.கா. விலகி நின்றது. மலையகத் தமிழர் வாழும் மாவட்டங்கள் வடக்குக் கிழக்கோடு தொடர்ச்சியற்றவை. அவர்கள் சிங்களக் கிராமங்களின் நடுவே வாழ்பவர்கள். அவர்களது தேவை, வாழும் இடத்திலேயே சம உரிமை பெறுவது என்பது தொண்டமானின் நிலைப்பாடாக இருந்தது.

அப்பத்தாண்டு தோட்டங்களுக்குக் கொடிய காலமாக அமைந்தது. 1973 - 74 இல் உணவுத் தட்டுப்பாட்டினால் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. சில இடங்களில் தமிழ்த் தொழிலாளர் விரட்டப்பட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். 1977 மே மாதத்தில், டெவன் தோட்டத்தின் நிலம் பிரித்தெடுக்கப்படுவதை எதிர்த்த தொழிலாளர் மீது காவல்துறையினர் சுட்டதில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் கொல்லப்பட்டார்.

1977 சூலையில் நடந்த பொதுத் தேர்தலில் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் காமினி திசாநாயக்க, அனுரா பண்டாரநாயக்க ஆகியோருடன் மூன்றாவது உறுப்பினராகத் தொண்டமான் தெரிவானார். அதற்குள் ஒப்பந்தத்தின்படியும் பழைய சட்டத்தின்படியும் குடியுரிமை பெற்றவர்களின் வாக்குகள் இவ்வெற்றிக்கு வழிகோலின.

அமைச்சராக

1978 செப்டம்பரில் தொண்டமான் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அமைச்சரவையில் கிராமியத் தொழில்துறை அபிவிருத்தி அமைச்சராக இணைந்தார். 1948 இல் குடியுரிமையைப் பறித்த அதே ஐக்கிய தேசியக் கட்சியின் அரசில் அவர் சேர்ந்தமை பலரை வியக்க வைத்தது. வடக்குக் கிழக்குத் தமிழ்த் தலைவர்கள் சிலர் இதனைக் கண்டித்தனர். எதிர்க்கட்சி வரிசையில் 30 ஆண்டுகள் பெறாததை அரசுக்குள்ளிருந்து பெறலாம் என்பது தொண்டமானின் கணிப்பாகும்.

அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, வம்சாவளிக் குடிமக்கள், பதிவுக் குடிமக்கள் என்னும் வேறுபாட்டை நீக்கியது. நாடற்றவர்களுக்கும் சில அடிப்படை உரிமைகளைப் பத்தாண்டுகளுக்கு வழங்கியது. தோட்டப் பள்ளிகள் அரசின் கல்வி அமைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. தோட்டப் பள்ளிகளுக்கான ஆசிரியர்களை உருவாக்கும் நோக்குடன் பத்தனையில் சிறீபாத கல்வியியல் கல்லூரி பின்னர் அமைக்கப்பட்டது. 1989 இல் தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றம் சென்ற தொண்டமான், ரணசிங்க பிரேமதாசாவின் அரசிலும் அமைச்சராக இருந்தார். 1994 இல் ஐக்கிய தேசியக் கட்சியுடன் சேர்ந்து போட்டியிட்ட பின்னர், மிகக் குறைந்த பெரும்பான்மையுடன் ஆட்சியமைத்த சந்திரிகா குமாரதுங்காவுக்கு ஆதரவளித்து அவரது அரசிலும் அமைச்சரானார்.

சம ஊதியமும் பிரார்த்தனைப் போராட்டமும்

அமைச்சராக இருந்துகொண்டே தம் அரசுக்கு எதிராகத் தொழிற்சங்க நடவடிக்கையை நடத்தியமை தொண்டமானின் தனித்தன்மையாகும். கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு வகித்த பெண்களுக்கு ஆண்களை விடக் குறைந்த நாட்கூலியே வழங்கப்பட்டு வந்தது. 1984 ஏப்ரலில் நடந்த தோட்ட வேலைநிறுத்தத்தின் விளைவாகக் கூலி உயர்த்தப்பட்டதுடன், ஆண், பெண் இருபாலாருக்கும் சம நாட்கூலியும் கிடைத்தது. அப்போது தோட்டங்கள் அரசு நிறுவனங்களின் கையில் இருந்தன, எனவே இ.தொ.கா. பேரம் பேசியது அரசாங்கத்துடனேயே ஆகும்.

குடியுரிமைச் சிக்கலில் எஞ்சியிருந்த பகுதியும் இக்காலத்திலேயே தீர்வை நெருங்கியது. ஒப்பந்தங்களின்படி இந்தியா ஏற்க வேண்டியவர்கள் 6,00,000 பேர். ஆனால் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர் மட்டுமே. இடைப்பட்ட 94,000 பேர் எந்நாட்டுக்கும் உரியவர்களாக இல்லை. 1986 சனவரி 14, தைப்பொங்கல் நாளில், இவர்களின் குடியுரிமைக்காக இ.தொ.கா. பிரார்த்தனைப் போராட்டத்தைத் தொடங்கியது. தொழிலாளர் காலை வேளையில் வேலைக்குச் செல்லாது வழிபாட்டில் ஈடுபட்டனர். 1983 வன்செயல்களின் நினைவு மாறாத சூழலில், வேலைநிறுத்தம் என்னும் பெயரைத் தவிர்த்த இவ்வடிவம் மோதலுக்கு இடம் தரவில்லை. அதே வேளை தேயிலை உற்பத்தியைப் பாதித்தது. சில நாட்களிலேயே அரசாங்கம் இணங்கியது.

அவ்வாண்டின் 5 ஆம் இலக்க நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 94,000 பேரை இலங்கைக் குடிமக்களாக்க வழி செய்தது. 1988 இன் 39 ஆம் இலக்கச் சட்டம், இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காத இந்திய வம்சாவளியினர் ஒரு சத்தியக் கடதாசியைக் கொண்டே தம் குடியுரிமையை நிறுவ இடமளித்தது. தந்தை, பாட்டன் பிறப்புச் சான்றுகளைத் தேடிய காலம் இதனுடன் பெருமளவு முடிவுற்றது. 1984 இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் சேவை நின்றதால் இந்தியக் கடவுச்சீட்டுடன் இலங்கையிலேயே தங்கிவிட்டவர்களின் சிக்கல் மட்டும் எஞ்சியது. 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கும் தீர்வளித்தது.

விமர்சனங்கள்

தொண்டமானின் அரசியல் பலவகையிலும் விமர்சிக்கப்பட்டது. அவற்றுள் முதன்மையானவை வருமாறு:

- தோட்ட உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தொழிலாளர் சங்கத்தைத் தலைமையேற்றதால், அது முதலாளிகளுடன் சமரசம் செய்யும் போக்கைக் கொண்டது என இடதுசாரிகள் கூறினர்.
- சங்கத்துக்குள் முடிவுகள் தலைவரிடமே குவிந்தன என்றும், மாற்றுத் தலைமைகள் வளர இடமளிக்கப்படவில்லை என்றும் கூறப்பட்டது. இவருக்குப் பின் தலைமை இவரது பேரன் ஆறுமுகன் தொண்டமானிடம் சென்றமை இவ்விமர்சனத்துக்கு வலுச் சேர்த்தது.
- 1983 வன்செயல்களுக்குப் பின்னரும் அரசில் நீடித்தமையை வடக்குக் கிழக்குத் தமிழ்த் தலைவர்கள் கண்டித்தனர். அமைச்சரவையிலிருந்து விலகினால் மலையக மக்கள் பாதுகாப்பின்றி விடப்படுவர் என்பது இ.தொ.கா.வின் பதிலாகும்.
- குடியுரிமைக்கு முதன்மை கொடுத்த அளவுக்கு நிலம், வீட்டு உரிமை ஆகியவற்றுக்குக் கொடுக்கவில்லை என்ற குறையை அடுத்த தலைமுறையினர் எழுப்பினர். 1989 இல் தோன்றிய மலையக மக்கள் முன்னணி, மலையகத் தமிழரைத் தனித் தேசிய இனமாக ஏற்கக் கோரி இ.தொ.கா.வுக்கு மாற்றாக வளர்ந்தது.

இவ்விமர்சனங்களை முன்வைத்தவர்களிலும் பலர், வாக்குரிமையற்ற ஒரு மக்கள் கூட்டம் சிதறாமல் ஒரே அமைப்பின் கீழ் 30 ஆண்டுகள் நிலைத்திருந்தமையில் இவரது பங்கை மறுப்பதில்லை.

மறைவும் பின்னரும்

தொண்டமான் 1999 அக்டோபர் 30 ஆம் நாள், தமது 86 ஆவது அகவையில் காலமானார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதும் இதே நாளில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அதற்கு 35 ஆண்டுகள் முன்னர் அது நிகழ்ந்தது. இவர் தமது வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியுள்ளார். கொழும்பில் பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே இவருக்குச் சிலை அமைக்கப்பட்டுள்ளது. அட்டனில் இவரது பெயரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையமும், நோர்வூட்டில் ஒரு விளையாட்டரங்கும் உள்ளன.

ஆறுமுகன் தொண்டமான் 2020 மே மாதத்தில் காலமானார். அவருக்குப் பின் அவரது மகன் ஜீவன் தொண்டமான் நாடாளுமன்ற உறுப்பினராகி, 2023 - 24 இல் அமைச்சராகவும் இருந்தார்.

1992 முதல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், தோட்டத் தொழிற்சங்கங்களின் பேரம் பேசும் களம் மாறியது. அதுவரை அரசுடன் நேரடியாகப் பேசிக் கூலியைத் தீர்த்த சங்கங்கள், இப்போது கம்பனிகளுடன் கூட்டு ஒப்பந்தம் செய்ய வேண்டியிருந்தது. நாட்கூலியை 1,000 ரூபாயாக்கும் கோரிக்கை பல ஆண்டுகள் இழுபட்டு 2021 இல் மட்டுமே நிறைவேறியது. தோட்டங்களில் வேலை செய்வோரின் எண்ணிக்கையும் குறைந்து, இளைஞர் பலர் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட்டனர்.

2023 இல் மலையகத் தமிழரின் வருகைக்கு 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று மேற்கொள்ளப்பட்டது. முன்னோர் கால்நடையாக வந்த அப்பாதையில் நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் நிலமும் வீடும் முதன்மை பெற்றன. லயன் அறைகள் இன்றும் பல தோட்டங்களில் உள்ளன. குடியுரிமை பெற்ற மக்களுக்கு, தாம் குடியிருக்கும் மண்ணில் உரித்து என்பது இன்னும் தீராத கேள்வியாகவே இருந்து வருகிறது.